விடை கொடாத வாயில்கள்

‘முடிவு பின்னர் அறிவிக்கப்படும்.’

நேர்முகப் பரீட்சை நடந்த அறையிலிருந்து வெளியே வரும் இளைஞர் கையோடு கொண்டுவருவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். இலக்கணம் கற்பிப்போர் இதனைச் செயப்பாட்டுவினை வாக்கியம் என்பர். அறிவிக்கப்போகின்றவர் யார் என்பது இதிற் சொல்லப்படவில்லை. எப்பொழுது அறிவிப்பார் என்பதும் சொல்லப்படவில்லை. வினைமுதல் மறைந்த இவ்வாக்கியத்தை நம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் எத்தனையோ வீடுகளிலே தபாற்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் காத்திருந்தனர். இன்று அந்த மணியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. கருவி மாறியது, காத்திருப்பு மாறவில்லை.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்துப் பின்னர் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், சில ஆண்டுகளின் முன் தனியார் நிறுவனம் ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்குச் சென்று வந்தார். மேசைக்கு அப்பால் மூவர் அமர்ந்திருந்தனராம். முதலிற் பாடத்திலே சில வினாக்கள். அவற்றுக்கு நன்றாகவே மறுமொழி சொன்னார். பின்னர் ஒருவர், “தம்பி எந்த இடம்?” என்றார். ஊரின் பெயரைச் சொன்னார். “அதிலை எந்தப் பக்கம்?” என்பது அடுத்த வினா. யாழ்ப்பாணத்தில் வாழ்வோர் எவருக்கும் இந்த இரண்டாவது வினா எதனை அறிவதற்காகக் கேட்கப்படுகின்றது என்பதை விளக்கவேண்டியதில்லை. அவர் குறிச்சியையும் சொன்னார். “அப்பா என்ன செய்யிறார்?” என்றதற்கு, மறைக்காமல், “சீவல் தொழில்” என்றார். “சரி, அறிவிப்பம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

நற்சான்று தரக்கூடியவருள் ஒருவராக எமது பெயரை விண்ணப்பத்தில் எழுதியிருந்தமையால், அவர்கள் எம்மை அழைத்து விசாரித்தார்களா என்று கேட்பதற்காக வாரந்தோறும் வந்தார். பின்னர் மாதத்துக்கு ஒரு முறை வந்தார். நான்கு மாதங்களின் பின் அவர் கேட்ட வினா வேறு. “சேர், நான் அதிலை என்னத்தைப் பிழையாச் சொல்லிப்போட்டன்?”

மற்றவர் சொல்லாமல் விட்டதற்கான காரணத்தைத் தான் சொன்னவற்றிலே தேடத் தொடங்கிவிட்டார் அவர். நேர்முகப் பரீட்சையின் பின் நிலவும் மௌனம் செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுவென்றே எமக்குத் தோன்றுகின்றது. அது வேலையை மட்டும் மறுப்பதன்று. மறுக்கப்பட்டவரையே தமக்கு எதிரான வழக்கிற் குற்றவாளியாகவும் நீதிபதியாகவும் அமர்த்திவிடுகின்றது. அன்று அம்மாணவருக்கு எம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. இலக்கியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம், எமது இலக்கியத்திலே இவ்வினாவுக்கு என்ன இருக்கின்றது என்று தேடிப்பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

*

தமிழிலே ‘விடை’ என்னும் சொல் இரு பொருள் தரும். வினாவுக்குச் சொல்லும் மறுமொழியும் விடை. புறப்படுவதற்குத் தரும் அனுமதியும் விடை. இவ்விரு பொருளும் ஒரு சொல்லிலே கூடியமையை வெறும் தற்செயல் என்று கொள்ள எமக்கு மனம் வரவில்லை. மறுமொழி பெறாதவரால் புறப்படவும் முடியாது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் வேறு வாயிலைத் தேடிப் போகலாம். வேறு தொழில் பழகலாம். திருமணப் பேச்சையாவது தொடங்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் உடம்பு வீட்டிலும் மனம் அந்த வாயிலிலுமாக நிற்கவேண்டியதுதான்.

இந்த நிலையைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர். அதற்குப் பெயரும் இட்டிருந்தனர். தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண்டிணையின் துறைகளைச் சொல்லுமிடத்து, பரிசில் வேண்டிப் புரவலனைத் தூண்டும் நிலையை ஒரு துறையாகக் கூறுகின்றது. புறநானூற்றிலே பரிசில் கடாநிலை என்னும் துறைக் குறிப்போடு பல பாடல்கள் உள்ளன. பரிசில் நீட்டித்த மன்னர்மீது புலவர் பாடியவை இவற்றுட் சில. தருவதாகவும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல் நாட்கடத்திய செல்வர்களைப் பற்றி ஓர் இலக்கிய வகையே வளர்ந்திருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவற்றுள் எம் மாணவரின் நிலைக்கு மிக நெருங்கியது, இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை ஆவூர் மூலங்கிழார் பாடிய 196ஆம் பாட்டு. அதன் வாதம் ஒரு வழக்கறிஞரின் வாதம் போன்றது. இயன்றதை இயலும் என்று சொல்வதும், இயலாததை இல்லையென்று மறுப்பதும் ஆகிய இரண்டும் நட்பின்பாற் பட்டவை என்கிறார் புலவர். இயலாததை இயலும் என்பதும், இயன்றதை இல்லையென்பதும் ஆகிய இரண்டும் இரப்போரை வாட்டும். கொடுப்போரின் புகழையும் குறைக்கும். இவ்வாறு நான்காக வகுத்துவிட்டு, இன்று எமக்கு நேர்ந்தது பின்னைய வகையே என்று சொல்லி, உன் பிள்ளைகள் நோயின்றி வாழட்டும், நான் வெயிலென்றும் பனியென்றும் பாராமல் என் வறிய வீட்டிலிருக்கும் மனைவியை நினைந்து போகின்றேன் என்று வாழ்த்திப் புறப்படுகின்றார். அந்த வாழ்த்திலே உள்ள சூடு இரண்டாயிரம் ஆண்டாகியும் ஆறவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது, மறுப்பைப் புலவர் குறைகூறவில்லை என்பது. ‘இல்லை’ என்ற சொல்லை அவர் நட்பின் பக்கத்திலே வைக்கின்றார். வேண்டுவோரை மனிதராக மதிப்பவரே ‘இல்லை’ என்று சொல்வார் என்னும் உண்மையை அவர் கண்டிருக்கின்றார். ஒளவையார் அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது அவன் வாயில் காப்போனை விளித்துப் பாடிய 206ஆம் பாட்டில், கைத்தொழில் அறிந்தவருக்கு எத்திசையிலும் சோறு உண்டு என்னும் தன்மானம் பேசுகின்றது. அதே அதியமான் தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததை 208ஆம் பாட்டிற் காண்கின்றோம். அன்று காணாமற் கொடுத்ததையே இழிவு என்றனர். இன்றோ நேரிற் கண்டு, சான்றிதழ்களைப் புரட்டி, பிறந்த குறிச்சி வரை விசாரித்துவிட்டு, பின்னர் அப்படி ஒருவர் வந்ததையே மறந்துவிடுகின்றனர்.

இவ்வளவு சொன்னதனால் சங்க காலத்தைப் பொற்காலம் என்று பாட வந்தோம் எனக் கொள்ளவேண்டாம். புலவனின் வறுமை அந்தச் சமுதாய அமைப்பின் விளைவு. சமையலை மறந்த அடுப்பிலே காளான் முளைத்திருப்பதைக் குமணனுக்குப் பெருந்தலைச் சாத்தனார் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. கொடுப்போன், இரப்போன் என்ற பிரிவே மனித மாண்புக்கு இழுக்கு. ஆயினும் அந்தப் புலவனிடம் எம் மாணவரிடம் இல்லாத ஒன்று இருந்தது. மன்னனுக்குப் புகழ் வேண்டியிருந்தது. அதனைச் செய்யும் கருவி புலவனின் கையில் இருந்தது. அதனாலேயே நீட்டித்தவனைப் பெயர் சொல்லி அழைத்து, உன் புகழ் குறையும் என்று எச்சரிக்க அவனால் இயன்றது. பரிசில் கடாநிலை என்ற துறை தோன்றுவதற்குப் பொருளியல் அடிப்படை இதுவே.

*

இன்று வேலை தேடுவோரிடம் வேலை தருவோருக்கு இன்றியமையாதது எதுவும் இல்லை. ஓர் இடத்துக்கு நூறு விண்ணப்பம் வருகின்ற சமுதாயத்திலே, தொண்ணூற்றொன்பது பேரின் மனநிலையைப் பற்றி எவரும் கவலைகொள்ளத் தேவையில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலே மார்க்ஸ் வேலையற்றோரை முதலாளித்துவத்தின் சேமப்படை என்று விளக்கினார். சேமப்படைக்குக் கடிதம் எழுதுவார் இல்லை. வேண்டும்போது ஊதுகுழல் ஊதினாற் போதும்.

ஒரு மறுப்புக் கடிதத்துக்குச் செலவாவது ஒரு முத்திரை. இன்று அதுவும் இல்லை. அவ்வாறிருந்தும் ஏன் எழுதுவதில்லை? மறதி என்பர், வேலை நெருக்கடி என்பர். ஒருமுறை நேர்ந்தால் மறதி. எங்கும் எப்பொழுதும் நேர்ந்தால் அது முறை. மறுப்பு எழுத்தில் வந்தால் அதற்குக் காரணமும் எழுத்தில் வரவேண்டும். காரணம் எழுத்தில் வந்தால் அதனை எதிர்த்து வாதாடலாம். ‘எந்தப் பக்கம்’ என்ற வினாவுக்குக் கிடைத்த மறுமொழியே காரணம் என்று எந்த நிறுவனமும் கடிதத்தாளில் எழுதாது. அரசியல்வாதி ஒருவரின் சிபாரிசுப் பட்டியல் முன்னரே நிறைந்துவிட்டது என்றும் எழுதாது. மேலும், தெரிந்தெடுக்கப்பட்டவர் வராவிட்டால் அடுத்தவரை அழைக்கலாம். அதுவரை எவரையும் விடுவிக்கத் தேவையில்லை. இவ்வாறு பார்க்கும்போது மௌனம் என்பது சொல்லின்மை அன்று. சில உண்மைகளுக்குப் போர்த்திய போர்வை.

இதனை எமது சமுதாயம் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றது? கடிதம் வராவிட்டால் சாதகக் குறிப்பை எடுக்கின்றோம். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கச் சொல்கின்றோம். ‘பெடியனுக்கு வாய் பத்தாது’ என்கின்றோம். முதலாவது பழியைக் கிரகத்தின்மேலும், மூன்றாவது பழியைப் பிள்ளையின்மேலும் சுமத்துகின்றது. மேசைக்கு அப்பால் இருந்த மூவர்மேல் எதுவும் விழுவதில்லை. இவ்விடத்திலேதான் இலக்கியத்தின் கடமை தொடங்குகின்றது. ஆனால் எமது எழுத்தாளர் அக்கடமையைச் செய்தனரா?

*

‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்’ என்பது யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற பழமொழி. அரச உத்தியோக மோகத்தைக் கேலி செய்வதற்கு எமது எழுத்தாளர் இதனைப் பலமுறை எடுத்தாண்டுள்ளனர். அந்த மோகத்துக்கு வரலாறு உண்டு. ஆறில்லாத, கிணற்று நீரை நம்பிய, துண்டு துண்டாகப் பிரிந்த காணிகளைக் கொண்ட குடாநாடு இது. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கியது முதலாக வளர்ந்த ஆங்கிலக் கல்வி, கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் எழுதுவினைஞர்களை அனுப்பியது. அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளிலே இங்கே கல்வீடுகள் எழுந்தன, சீதனம் உயர்ந்தது. மண் தராததை உத்தியோகம் தந்தது.

இந்த வர்க்கத்தின் வாழ்வை எழுதியவற்றுள் எஸ்.பொ.வின் ‘சடங்கு’ (1971) குறிப்பிடத்தக்கது. முற்போக்கு முகாமிலிருந்து பிரிந்து நற்போக்குப் பேசியவர் அவர் என்பதற்காக அந்நாவலின் உண்மையை மறுத்தல் நேர்மையாகாது. கொழும்பிலே எழுதுவினைஞராக வேலைபார்க்கும் செந்தில்நாதன் யாழ்ப்பாணத்திலுள்ள மனைவியிடம் வந்துபோகும் சில நாட்களின் கதை அது. அரச உத்தியோகம் ஒரு மனிதனின் நாளையும் உடலையும் எவ்வாறு சடங்காக்கிவிடுகின்றது என்பதை அது காட்டுகின்றது. ஆனால் செந்தில்நாதன் வாயிலுக்கு உள்ளே சென்றுவிட்டவர். நியமனக் கடிதம் வந்த பின்னர் தொடங்கும் வாழ்வு அவருடையது.

வாயிலுக்கு வெளியே நின்றவர்களை எழுதியவர் முற்போக்கு எழுத்தாளரே என்று பெருமையோடு சொல்லலாம். செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ (1965), கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) ஆகியவற்றை மறந்து ஈழத்து நாவலின் வரலாற்றை எழுத முடியாது. 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் கோயில்களும் தேநீர்க் கடைகளும் அடைத்தே கிடந்தன. 1966இல் எழுந்த போராட்டமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அந்த வாயில்களை அசைத்தன. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த வாயில்களிலே ‘உள்ளே வராதே’ என்று உரத்துச் சொன்னார்கள். பொல்லோடு நின்று சொன்னார்கள். எதிரி யாரென்று தெரிந்தது. ஆகவே போராட்டம் பிறந்தது. போராட்டத்திலிருந்து நாவல் பிறந்தது. உரத்துச் சொல்வது சட்டவிரோதமாகிவிட்ட பின்னர் அதே மறுப்பு மௌனமாகச் சொல்லப்படுகின்றது. பொல்லுக்குப் பதிலாகப் புன்னகையோடு, ‘அறிவிப்பம்’ என்கின்றனர். உரத்த மறுப்பை எழுதக் கற்றுக்கொண்ட எமது இலக்கியம், மௌன மறுப்பை எழுத இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இதற்கு எம்மிடமுள்ள ஒரு பழக்கமும் காரணம். உத்தியோகம் தேடுவோனை நடுத்தர வர்க்கத்தின் கேலிச்சித்திரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வயலிலும் கடலிலும் உழைப்பவனே கதைக்குரியவன். விண்ணப்பம் எழுதுபவன் நகைப்புக்குரியவன் என்ற எண்ணம் எம்முள் வேரூன்றிவிட்டது. ஆனால் இன்று விண்ணப்பம் எழுதுபவர் யார்? 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனைத் தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்ற சீவல் தொழிலாளியின் பிள்ளை, கடற்றொழிலாளியின் பிள்ளை, தோட்டத்திலே கூலிக்குப் புகையிலை நட்டவரின் பிள்ளை. தந்தையின் தொழிலிலிருந்து வெளியேறுவதற்கு அவர்களுக்கிருந்த ஒரே வழி அது. முன்னர் கந்தோர்க் கதிரையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்ன பழமொழியை, இப்பொழுது கதிரைக்கு முன்னே நிற்பவர்களைப் பார்த்துச் சொல்வது முற்போக்கு ஆகாது. உள்ளே இருப்பவர் வாயிலை அடைத்துக்கொண்டு, ‘உனக்கு ஏன் இந்த மோகம்’ என்று கேட்பது போன்றதே அது.

*

பிற நாட்டுக் கலைஞர் இதனை எவ்வாறு கையாண்டுள்ளனர் என்று பார்ப்பது எமக்குப் பயன்படும். வங்கத்திலே 1970ஐ அடுத்த ஆண்டுகளில் நேர்முகப் பரீட்சை ஒரு கலைப்பொருளாகவே ஆகிவிட்டது. சுனில் கங்கோபாத்யாயவின் நாவலைக் கொண்டு சத்யஜித் ராய் எடுத்த ‘பிரதித்வந்தி’ (1970) திரைப்படத்தில், பத்தாண்டுக் காலத்தின் முக்கிய நிகழ்ச்சி யாது என்று கேட்கின்றனர். மனிதன் சந்திரனில் இறங்கியதைச் சொல்லாமல், வியட்நாம் மக்களின் எதிர்ப்பைச் சொல்கின்றான் சித்தார்த்தன். நீ கம்யூனிஸ்டா என்பது அடுத்த வினா. எமது ‘எந்தப் பக்கம்’ என்ற வினாவுக்கு இது அண்ணன் முறை. மிருணாள் சென்னின் ‘இன்டர்வியூ’ (1971) திரைப்படத்தில், மேல்நாட்டுக் கோட்டு கிடைக்காமல் வேட்டியோடு சென்ற இளைஞன் வேலையை இழக்கின்றான். இரண்டிலும், தகுதியைச் சோதிப்பதாகச் சொல்லும் மேசை உண்மையிலே எதனைச் சோதிக்கின்றது என்பது வெளிப்படுகின்றது. ராயின் படத்தின் இறுதியிலே, வெக்கையிலும் நெரிசலிலும் காத்திருந்த ஒருவர் மயங்கி விழ, சித்தார்த்தன் அறைக்குள் புகுந்து மேசையைப் புரட்டுகின்றான். அதனால் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் தவறு எங்கே இருந்தது என்பதில் அவனுக்கும் எமக்கும் ஐயம் இல்லாமற் போகின்றது.

தமிழிலே இப்பொருளை எடுத்த கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) தலைப்பிலே காட்டிய துணிவை முடிவிலே காட்டவில்லை. டில்லியிலே வேலை தேடி அலையும் சங்கீத வித்துவானின் மகன், இறுதியிலே முடிதிருத்தும் தொழிலை ஏற்கின்றான். எத்தொழிலும் இழிவன்று என்னும் கருத்து உயர்ந்ததே. உயர்குலத்தில் பிறந்தவன் அக்கத்தரியைக் கையில் எடுப்பது புரட்சியாகத் தோன்றலாம். பிறப்பினாலேயே அது கையிலே திணிக்கப்பட்டவனுக்கோ, பட்டம் பெற்ற பின்னரும் அங்கேயே திரும்பிப் போ என்று சொல்வது விடுதலை ஆகாது. எமது சமுதாயத்திலே நின்று அப்படத்தைப் பார்க்கும்போது இந்தக் குறை தெளிவாகத் தெரிகின்றது.

காத்திருப்பையே கருவாகக் கொண்ட கதைகளில் காபிரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதிய ‘கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை’ (1961) தலைசிறந்தது. முன்னாட் போர்வீரரான கர்னல், அரசு வாக்களித்த ஓய்வூதியக் கடிதத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் தபால் வரும் துறைக்குச் செல்கின்றார். ஆண்டுக்கணக்காகக் கடிதம் வரவில்லை. வீட்டிலே பசி. அரசியற் பிரசுரம் விநியோகித்ததற்காகக் கொல்லப்பட்ட மகன் விட்டுச்சென்ற சண்டைச்சேவல் ஒன்று மட்டும் இருக்கின்றது. ஆசிரியர் எங்கும் பிரசங்கம் செய்யவில்லை. ஆனால் கடிதம் வராமையும் மகன் கொல்லப்பட்டமையும் ஒரே ஆட்சியின் இரு செயல்கள் என்பதை வாசகர் தாமே கண்டுகொள்கின்றனர். காஃப்காவின் ‘கோட்டை’ (1926) நாவலிலும் நில அளவையாளன் ஒருவன் தன் நியமனம் உறுதியாகும் என்று கோட்டையின் அடியிலே காத்திருக்கின்றான். இதனைக் கடவுளைத் தேடும் ஆன்மாவின் கதையாக விளக்குவோர் உண்டு. பிராக் நகரிலே தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்த எழுத்தாளருக்குக் கோவைகள் எவ்வாறு உறங்குகின்றன என்பது தெரிந்திருந்தது என்பதே எமக்குப் போதுமானது.

*

எமது நாட்டிலே இத்தகைய கதைக்குப் பொருள் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாத தமிழ் எழுதுவினைஞரான செல்லையா கோடீஸ்வரனுக்குச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற வினாவைத் தொடாமலே விட்டது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம் என்று தீர்த்து, அந்த வினாவைத் தீர்மானிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குத் தீர்ப்பு வருமுன்னரே 1972இன் குடியரசு அரசியலமைப்பு வந்துவிட்டது. ஓர் எழுதுவினைஞர் கேட்ட வினாவுக்கு ஒரு நாடே விடை சொல்லாமல் விட்ட வரலாறு இது. இதனை நாவலாக எழுதியவரை நாம் அறியோம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017 பெப்ரவரி இறுதியிலே யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அது நூறு நாட்களையும் கடந்தது. ஒளவையாரின் வாயில் காப்போனைப் போலவே அங்கும் வாயிலிற் காவலர் நின்றனர். அவர்களிடம் கொடுப்பதற்கு விடை எதுவும் இருக்கவில்லை. அதே மாதத்திலே கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தமது போராட்டத்தைத் தொடங்கினர். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பாவம். வேலை தேடும் பிள்ளை வீட்டிலேயாவது இருக்கின்றான். எனினும் இரு பந்தல்களும் எதிர்கொண்டது ஒரே வழக்கத்தை: கேட்போர் களைத்துப்போகும் வரை ஒன்றும் சொல்லாதிருத்தல்.

இதே காலத்திலே வேறொன்றும் நிகழ்ந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனத்திடம் எவரும் எழுத்திலே தகவல் கேட்கலாம். மறுத்தால் காரணம் சொல்லி மறுக்கவேண்டும் என்பது அதன் விதி. ஆவூர் மூலங்கிழார் பாண்டியனிடம் கேட்டது ஏறத்தாழ இதனைத்தான். சட்டம் எல்லா வாயில்களையும் திறந்துவிடும் என்ற மயக்கம் எமக்கில்லை; எம் மாணவர் சென்றது போன்ற தனியார் நிறுவனங்களின் வாயிலிலே அது நின்றுவிடுகின்றது. ஆயினும், விடை பெறுவது அருள் அன்று, உரிமை என்பதைக் கொள்கையளவிலேனும் அது ஒப்புக்கொண்டுள்ளது. எமது சிறுகதைகளின் மாந்தர் இன்னும் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கடிதம் வராமையால் அழுகின்றனர். தூக்குக் கயிற்றைத் தேடுகின்றனர். அல்லது கடைசிப் பந்தியிலே தபாற்காரர் வந்து நியமனக் கடிதம் தருகின்றார். முகவரிக்கு உரியவரின் முற்றத்திலேயே கதை தொடங்கி அங்கேயே முடிகின்றது. கடிதம் எழுதப்படாத கந்தோருக்குள்ளே எந்தக் கதாசிரியரும் எம்மை அழைத்துச் சென்றதாக எமக்கு நினைவில்லை.

அங்கே செல்லவேண்டும். அந்த மூவரும் விண்ணப்பதாரி வெளியேறிய பின் தமக்குள் என்ன பேசினர்? எந்தப் பெயருக்கு நேரே என்ன குறி இடப்பட்டது? தேநீர் கொண்டுவந்த ஊழியர் அதனைக் கேட்டாரா? அவரும் அதே குறிச்சியைச் சேர்ந்தவர்தானா? யதார்த்த இலக்கியம் என்று நாம் சொல்வது இவ்வினாக்களைக் கேட்பதற்கான துணிவையே. காத்திருப்போரின் கண்ணீரை எழுதுவது இரக்கம். காக்கவைப்போரின் மேசையை எழுதுவது இலக்கியம்.

தொல்காப்பியம் சொல்லும் பரிசிலர் விடை இருவகைப்படும். தலைவன் தானே விடுப்பது ஒன்று. பரிசிலன் தானே போகவேண்டும் என்று கூறி விடைகொள்வது மற்றொன்று என உரைகாரர் விரிப்பர். எம் மாணவர் கொண்டது இரண்டாவது. தாயின் நகையை ஈடுவைத்து முகவருக்குப் பணம் கட்டிக் கட்டாருக்குப் புறப்பட்டார். பயணத்துக்கு முதல்நாள் எம்மிடம் விடைபெற்றுக்கொள்ள வந்தார். பழைய வினாவை அவர் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்காமலே நாம் சொன்னோம்: “தம்பி, நீர் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. பிழை, சொல்லாமல் விட்டவையிலைதான்.”

காலம் தாழ்த்திச் சொன்ன விடை அது. அவர் பின்னால் இப்பொழுது எமது வகுப்பிலே இருக்கும் நாற்பது பேருக்கும் அது காலத்தோடு சொல்லப்படவேண்டும். ஆசிரியர் வகுப்பறையிலும் எழுத்தாளர் கதையிலும் அதனைச் சொல்லத் தொடங்கட்டும்.